தரங்கம்பாடி ஒருநாள் திருச்சபைப் பயணம்: ஒரு மதிப்புரை

தஞ்சாவூரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்று, தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சேற்றிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு ஐயரின் வாழ்க்கையோடு தொடர்புடைய இடங்களை வேதப்பகுதிகளோடு சேர்த்துக் காட்டிவிட்டு, இரவுக்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் ஒருநாள் பயண ஏற்பாட்டைப் பற்றியது இந்த மதிப்புரை. பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் போன்ற திருச்சபைக் குழுக்களை மனத்தில் வைத்து நடத்தப்படும் இந்தப் பயணத்துக்கு, நடத்துகிறவர்கள் ஒரு பொருளையும் வகுத்திருக்கிறார்கள்: தேவனுடைய சொல்லுக்குக் கீழ்ப்படிந்து புறப்பட்ட ஒருவருக்கு எதிர்பாராத தடைகள் வரும்போது அவர் எதைப் பற்றிக்கொள்கிறார் என்பதே அது. வெறும் சுற்றுலாவாக இல்லாமல் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து ஊரைச் சுற்றிக் காட்டுவது நல்ல எண்ணம்தான். அந்தக் கேள்வியை அவர்கள் எவ்வளவு தூரம் நேர்மையாகப் பின்தொடர்கிறார்கள் என்பதையே இங்கே எடைபோட விரும்புகிறேன். குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அவசரமாக முடிவை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு: முற்பகல் நிகழ்ச்சிகள் மிகச் சிறப்பு, பிற்பகல் அவசரக்கோலம், கட்டணம் நியாயமானது. ஆனால் சீகன்பால்குவின் கதையைப் புதிய ஏற்பாடு அச்சேறிய 1715ஆம் ஆண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விக்கு மிகக் கனமான பதில் இருப்பதோ அதற்குப் பிந்திய நான்கு ஆண்டுகளில்.

இந்தப் பொருளைப் பேசுவதற்குத் தரங்கம்பாடியைத் தேர்ந்தெடுத்ததைக் குறை சொல்லவே முடியாது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஹாலே நகரில் பிராங்கேயின் பக்தி இயக்கத்தால் உருவாக்கப்பட்ட, உடல் நலம் அவ்வளவாக இல்லாத இளைஞர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் மிஷனெரிகளைத் தேடியபோது, அழைப்பைக் கர்த்தருடைய கட்டளையாகவே ஏற்றுக்கொண்டு, ஹென்ரிக் புளூட்சோ என்னும் உடன் ஊழியரோடு அவர் புறப்பட்டார். தடை கோப்பன்ஹேகனிலேயே தொடங்கிவிட்டது. அபிஷேகத்துக்கு முன் அவர்களைச் சோதித்த பேராயர் முதலில் அவர்களைத் தேர்ச்சி பெறாதவர்கள் என்று தள்ளிவிட, மன்னர் வற்புறுத்திய பிறகே காரியம் நடந்தது. 1705 நவம்பரில் கப்பல் ஏறியவர்கள் 1706 ஜூலை 9 அன்று, அப்போது டேனிஷ்காரர்களின் வசம் இருந்த தரங்கம்பாடியை அடைந்தார்கள். இந்த முன்கதையை வழிகாட்டி, மயிலாடுதுறையைத் தாண்டியதும் வேனிலேயே சொல்லி முடித்துவிடுகிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான அவருக்கு நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. தேதிகளை மனப்பாடமாக ஒப்பிக்காமல், கதை கேட்கும் இடத்தில் மட்டும் சொல்கிறார்.

முதல் நிறுத்தம் கடற்கரை. 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலுக்குள் நுழைந்து ராஜ வீதி முழுவதையும் கடந்து, சீகன்பால்கு கரையிறங்கியதன் நினைவுச் சின்னத்துக்கு அருகில் குழுவை நிறுத்துகிறார்கள். இங்கே வாசிக்கப்படும் பகுதி மாற்கு 6ஆம் அதிகாரம், 45ஆம் வசனம் முதல். சீஷர்கள் தங்கள் விருப்பத்துக்குப் படவில் ஏறவில்லை, இயேசுவே அவர்களைத் துரிதப்படுத்தி ஏற்றி அனுப்பினார், அப்படி அனுப்பப்பட்ட படவுக்குத்தான் எதிர்க்காற்று வீசியது என்பதை வழிகாட்டி இரண்டே வாக்கியங்களில் எடுத்துக் காட்டினார். யோனா ஓடிப்போனதால் வந்த புயலும், சீஷர்கள் சொன்னதைக் கேட்டதால் வந்த எதிர்க்காற்றும் நனைகிறவனுக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்றும் அவர் சொன்னார். புயலை வைத்து, நாம் வழி தவறிவிட்டோம் என்று முடிவு கட்டக்கூடாது என்பதுதான் அவர் கருத்து. இதற்கு மேல் பிரசங்கம் இல்லை. பத்து நிமிடம் கடலைப் பார்த்து நிற்க விட்டுவிட்டார். இத்தகைய பயணங்களில் பேசாமல் இருக்கத் தெரிந்த வழிகாட்டி கிடைப்பது அரிது.

கரையில் அவர் சொன்ன இன்னொரு செய்தி என் உடன் வந்தவர்களில் பலருக்குப் புதியது. மிஷனெரிகளுக்கு எதிர்ப்பு உள்ளூர்த் தமிழர்களிடமிருந்து வரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. டேனிஷ் வணிகக் கம்பெனிக்கு மிஷனெரிகளின் வருகை பிடிக்கவில்லை; தங்கள் வியாபாரத்துக்கு இடைஞ்சல் வரும் என்று அஞ்சினார்கள். கோட்டையின் தளபதி ஹாசியஸ், மன்னரின் கடிதத்தோடு வந்தவர்களை வேண்டாத விருந்தாளிகளாகவே நடத்தினார். ராஜ வீதியிலுள்ள சீயோன் ஆலயம் 1701 முதல் இருந்தது. அது டேனிஷ்காரர்களுக்கான ஆலயம். ஆக, ஒரே ஞானஸ்நானம் பெற்று, ஒரே பாடலைப் பாடிய மக்களே கதவை அடைத்தவர்கள். மறுபுறம், சீகன்பால்குவுக்குத் தமிழ் கற்பிக்க இசைந்தவர் ஒரு முதிய தமிழ்ப் பள்ளி ஆசிரியர். சிறுவர்களோடு மணலில் விரலால் எழுதித்தான் அவர் எழுத்துக் கற்றார். போர்த்துகீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் மொழிபெயர்ப்பாளராகத் துணை நின்றார். கீழ்ப்படிகிறவனுக்குத் தடை எங்கிருந்து வரும், துணை எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

அடுத்தது கோட்டை. இந்தப் பயணத்தின் உயிர்நாடி இதுதான். கொடுத்த பணத்துக்கு இந்த ஒன்றரை மணி நேரமே போதும் என்று சொல்வேன். தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் இடம் பெற்று, ஓவே கியெட்டே என்னும் டேனிஷ் கடற்படைத் தலைவர் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, இன்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. மேல்தளத்தில் பழைய பொருள்களைப் பார்க்கச் சிறிது நேரம் கொடுத்துவிட்டு, வழிகாட்டி எல்லாரையும் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் செல்கிறார். வளைவுக் கூரையுள்ள அந்த அறைகள் ஒருகாலத்தில் பண்டகசாலையாகவும் சிறையாகவும் பயன்பட்டவை. பகல் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் தெரிய சற்று நேரமாகிறது. அங்கே நின்றபடிதான் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது.

பகுதித் தேர்வு கச்சிதம். பவுல் துரோவாவில் தரிசனம் கண்டு, மக்கெதோனியாவுக்குப் போகும்படி கர்த்தர் அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டு புறப்படுகிறார். போன இடத்தில் அடிபட்டு, காலில் தொழுமரம் மாட்டப்பட்டுச் சிறையில் கிடக்கிறார். அதை வாசித்து முடித்ததும் சீகன்பால்கு கைதான வரலாறு. இறந்துபோன ஒரு நாவிதரின் மனைவிக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் இடையே கடன் வழக்கு. அந்த விதவைக்காக சீகன்பால்கு தளபதியிடம் பரிந்து பேசினார்; ஒருமுறைக்கு மேல் பேசினார். தன் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதிய ஹாசியஸ் அவரை வரச்சொல்லி ஆள் அனுப்ப, எழுத்து மூலமாக அழைப்பு வேண்டும் என்று இவர் கேட்டார். விளைவு, சிப்பாய்கள் வந்தார்கள். 1708 நவம்பரிலிருந்து 1709 மார்ச் வரை, நான்கு மாதத்துக்கு மேல், இந்தக் கோட்டைக்குள் அடைக்கப்பட்டிருந்தார். தொடக்கத்தில் பேனாவும் மையும் கூட மறுக்கப்பட்டன.

வழிகாட்டி இங்கே ஒரு தேதியை அழுத்திச் சொன்னார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் வேலையை சீகன்பால்கு தொடங்கியது 1708 அக்டோபரில். அடுத்த மாதமே சிறை. இரண்டு ஆண்டுக்கு மேல் மொழி கற்று, காலம் வந்துவிட்டது என்று நம்பி ஏட்டைத் தொட்ட கையை ஒரு கடன் வழக்கு கட்டிப்போட்டது. வேலையைத் தொடங்கச் சொன்னவரே வேலையை நிறுத்தவும் விட்டார் என்றால், அதை எப்படிப் புரிந்துகொள்வது? இந்தக் கேள்வியை அவர் கூட்டத்திடம் விட்டார். யாரும் உடனே வாய் திறக்கவில்லை.

ஒரு வாலிபர் மட்டும் பிறகு துணிந்து கேட்டார்: அழைத்தபோது போயிருந்தால் சிறையே வந்திருக்காதே, இது கீழ்ப்படிதலால் வந்த தடையா, பிடிவாதத்தால் வந்த தடையா என்று. நல்ல கேள்வி. சீகன்பால்கு எளிதில் விட்டுக்கொடுக்கிறவர் அல்லர் என்பது அவர் வாழ்க்கையைப் படித்த யாருக்கும் தெரியும். வழிகாட்டி அதை மறுக்கவில்லை. விதவைக்காகப் பேசியது கட்டளையின்படி நடந்தது, பேசிய விதத்தில் அவருடைய குணமும் கலந்திருக்கலாம், இரண்டையும் பிரித்தெடுக்கத் தராசு நம் கையில் இல்லை என்றார். பரிசுத்தவான்களைப் பளிங்குச் சிலைகளாக்கிவிடும் வழக்கமுள்ள நம் சபைகளில் இவ்வளவு நிதானமாகப் பதில் சொல்லக் கேட்பது ஆறுதலாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பிலிப்பி பட்டணத்துச் சிறையையும் தரங்கம்பாடிச் சிறையையும் சேர்த்துக் காட்டியவர், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடாமல் விட்டார். பிலிப்பியில் நள்ளிரவிலேயே பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. தரங்கம்பாடியில் எதுவும் அதிரவில்லை. சிறையில் இருந்தபடியே அவர் எழுதினார் என்பது உண்மை. ஆகவே, எழுதுவதற்காகக் கர்த்தர் கொடுத்த நான்கு மாத ஓய்வு அது என்று வழிகாட்டி முடித்தார். ஆனால் உள்ளே இருந்தவருக்கு அது நான்கு மாதம் என்று தெரியாது. வெளியே புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற சிறுகூட்டம் என்ன ஆயிற்று என்றும் தெரியாது. கணக்கு முடிந்த பிறகு மூன்று நூற்றாண்டு தள்ளி நின்று, நான்கு மாதம்தானே என்று சொல்வது நமக்குச் சுலபம். விசுவாசம் வேலை செய்ததோ கணக்குத் தெரியாத அந்த நாள்களில்தான்.

பொறையாற்றில் மதிய உணவு. மீன் குழம்போடு சாப்பாடு, சைவம் கேட்டவர்களுக்குச் சாம்பாரும் கூட்டும். சூடாக இருந்தது, தாராளமாகவும் பரிமாறினார்கள். கழிப்பறை சுத்தம் சுமார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உணவு முடிந்து திரும்பும் வழியிலேயே அச்சுக்கூடத்தின் வரலாற்றை வேனில் சொல்லத் தொடங்குகிறார்கள். சீகன்பால்கு வாழ்ந்த இல்லத்தில் 2017 முதல் இயங்கிவரும் அருங்காட்சியகத்தில் அது முடிகிறது. இதற்குக் கொடுக்கப்பட்ட வேதப்பகுதி யாத்திராகமம் 5ஆம் அதிகாரம். சொல்லியபடியே மோசே பார்வோனிடம் போனதன் முதல் பலன் என்ன? இஸ்ரவேலருக்கு வைக்கோல் நிறுத்தப்பட்டது, செங்கல் கணக்கு மட்டும் குறையவில்லை. ஜனங்கள் மோசேயைச் சபிக்க, மோசே கர்த்தரிடம் திரும்பிப் போய், ஏன் என்னை அனுப்பினீர் என்று கேட்கிறார். அந்த அதிகாரத்தைப் பாதியில் நிறுத்தாமல் அந்தக் கேள்வி வரைக்கும் வாசித்தது நல்ல முடிவு. தடை வந்தபோது முணுமுணுக்காதே என்று மட்டும் போதிக்கிறவர்கள், அதே தடையைத் தூக்கிக்கொண்டு நேரே கர்த்தரிடம் போய் முறையிட்ட மோசேயை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அச்சு எந்திரத்தின் கதை, சொல்லப்போனால், வைக்கோல் இல்லாமல் செங்கல் அறுத்த கதைதான். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் 1711இல் அச்சு எந்திரத்தையும், அதை இயக்க யோனாஸ் ஃபின்க் என்பவரையும் கப்பலில் அனுப்பிவைத்தது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் கொடுத்து மீட்டுப் பயணத்தைத் தொடர்ந்தால், நன்னம்பிக்கை முனையை அடையும் தறுவாயில் அச்சர் காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் எந்திரம் வந்து சேர்ந்தது, இயக்க ஆளில்லை. அச்சுத் தொழில் தெரிந்த ஒரு சிப்பாயைக் கோட்டையிலேயே தேடிப் பிடித்தார்கள். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை மிகப் பெரியவையாக இருந்ததால் காகிதம் போதாது என்றாயிற்று. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க முற்பட்டார்கள், ஈயத்துக்குப் பஞ்சம். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகடுகளை உருக்கினார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது வேன் முழுவதும் சிரிப்பு. காகிதத்துக்காகப் பொறையாற்றில் ஒரு ஆலையே நிறுவப்பட்டது. கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அந்த இடத்துக்கு நிலைத்துவிட்டது. வேன் அந்த வழியே போகும்போது கையை நீட்டிக் காட்டினார்கள், நிறுத்தவில்லை. ஐந்து நிமிடமாவது நிறுத்தியிருக்கலாம். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறின.

அருங்காட்சியகம் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது. அச்சுக்கலையில் ஆர்வமுள்ளவர்களும் தமிழ் ஆய்வில் ஈடுபாடுள்ளவர்களும் அங்கே அரைநாள் இருக்கலாம். இந்தப் பயணத்திலோ நாற்பது நிமிடத்துக்கு மேல் கிடைப்பதில்லை. நான் நின்று படித்துக்கொண்டிருந்தபோதே நடத்துநர் விசில் ஊதிவிட்டார்; இது பள்ளிக்கூடச் சுற்றுலா அல்லவே என்று தோன்றியது.

கடைசி நிறுத்தம் புதிய எருசலேம் ஆலயம். முக்கியமான குறை இங்கேதான். 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட இந்த ஆலயத்தின் உள்ளே சீகன்பால்குவும் அவருடைய உடன் ஊழியர் கிரண்ட்லரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். எங்கள் குழு உள்ளே இருந்தது ஏறக்குறைய இருபது நிமிடம். ஒரு பாடல், முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்காக நன்றி ஜெபம், ஆலயத்தின் முன் குழுப் புகைப்படம், புறப்பாடு. எல்லாத் தடைகளும் 1715இல் வெற்றியாய் முடிந்தன என்ற எண்ணத்தோடு வேனில் ஏறுகிறோம்.

ஆனால் அவை அப்படி முடியவில்லை. 1713இல் சீகன்பால்கு தமிழ்நாட்டுத் தெய்வ வழிபாட்டைப் பற்றி மிகுந்த உழைப்போடு எழுதிய வமிசாவளி நூலை ஹாலேக்கு அனுப்பியபோது, அந்த மார்க்கத்தை ஒழிப்பதற்கு அனுப்பப்பட்டவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அது 1867இல்தான், அதுவும் சென்னையில், வெளியாயிற்று. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் சரித்திரத்தோடு நின்றது; மீதியை முடித்தவர் பின்னால் வந்த ஷூல்ட்சே. ஐரோப்பாவுக்குப் போய், திருமணம் செய்துகொண்டு, 1716இல் சீகன்பால்கு திரும்பி வந்த பிறகு, கோப்பன்ஹேகனில் மிஷன் காரியங்களைக் கவனித்த செயலாளர் வெண்ட், மிஷனெரிகள் அப்போஸ்தலரைப்போல் ஏழைகளாய்த் திரிய வேண்டும், கட்டடமும் பள்ளியும் எதற்கு என்னும் கருத்தோடு கடிந்து கடிதம் எழுதினார். அனுப்பியவர்களிடமிருந்தே வந்த அந்தக் கண்டனம், ஏற்கெனவே நோயுற்றிருந்தவரை நொறுக்கிவிட்டது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், அவர் இறந்தார். அடுத்த ஆண்டு கிரண்ட்லரும் போய்ச் சேர்ந்தார். தொடக்க காலத்தில் துணை நின்ற அழகப்பனோ, அந்தத் துணைக்காகவே ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர். ஒருவர் கீழ்ப்படிந்ததன் விலையைப் பக்கத்தில் நின்றவர்களும் கொடுத்தார்கள் என்பது பயணத்தில் எங்குமே பேசப்படவில்லை.

இதையெல்லாம் சொன்னால் கூட்டம் சோர்ந்துபோகும் என்று நடத்துகிறவர்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளுக்கு உண்மையான சோதனை, தீர்ந்துபோன தடைகள் அல்ல, தீராமல் நின்ற தடைகள்தான். கப்பல் மீட்கப்பட்டதும் எந்திரம் வந்து சேர்ந்ததும் நமக்கு மகிழ்ச்சி தருகின்றன. ஆனால் கப்பல் மீளாமலே போயிருந்தால் கர்த்தர் நம்பத்தக்கவர் அல்லர் என்று ஆகிவிடுமா? எபிரெயர் 11ஆம் அதிகாரம் செங்கடலையும் எரிகோவையும் சொல்லிவிட்டு, வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே மரித்தவர்களையும் அதே பட்டியலில், அதே மரியாதையோடு வைக்கிறது. கல்லறை முன் வாசிக்கவேண்டிய பகுதி அதுவே. அச்சடித்துக் கொடுத்த கையேட்டில் அந்த அதிகாரம் இல்லை.

இந்தக் குறை வெறும் வரலாற்றுக் குறை அன்று என்பது திரும்பும் வழியில் தெரிந்தது. வேனில் சாட்சி நேரம். பலரும் எழுந்து, தடை வந்தது, ஜெபித்தோம், கர்த்தர் நீக்கினார் என்ற வரிசையில் சொல்லி அமர்ந்தார்கள். அவை உண்மையான சாட்சிகள்தான், குறை சொல்ல நான் யார்? பின்வரிசையில் இருந்த ஒரு சகோதரி மட்டும் வேறு மாதிரி பேசினார். வேலை பார்த்த இடத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்ததால் வேலை போய்விட்டது என்றும், வீட்டில் உள்ளவர்களே இவ்வளவு பிடிவாதம் தேவையா என்று கேட்கிறார்கள் என்றும், இன்னும் ஒன்றும் மாறவில்லை என்றும் சொல்லி நிறுத்திக்கொண்டார். வழிகாட்டி உடனே, அதைவிட நல்ல வேலையைக் கர்த்தர் ஆயத்தமாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். கோட்டைச் சிறையில் அந்த வாலிபருக்கு அவ்வளவு நிதானமாகப் பதில் சொன்ன அதே மனிதர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்குறுதியைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கல்லறை முன் சீகன்பால்குவின் கடைசி ஆண்டுகளைப் பேசியிருந்தால், தான் செய்தது சரியென்று காட்ட இன்னும் ஒரு பலனும் கைக்கு வராத அந்தச் சகோதரிக்கு, தன்னைப்போல் ஒருவர் இந்த மண்ணில் கிடக்கிறார் என்பதாவது தெரிந்திருக்கும்.

இனி நடைமுறை விவரங்கள். காலைச் சிற்றுண்டி, மதிய உணவு, வேன், கையேடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 900 ரூபாய் வாங்குகிறார்கள். நுழைவுக் கட்டணங்கள் தனி. தனியாகப் பேருந்தில் போனால் செலவு பாதிகூட ஆகாது; மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்துகள் உண்டு. ஆனால் கோட்டையின் கீழ்த்தளத்தில் நின்று அந்த வரலாற்றைக் கேட்பது தனியாகப் போகிறவர்களுக்குக் கிடைக்காது. கையேட்டின் எழுத்து மிகச் சிறியது. முதியவர்களால் படிக்க இயலவில்லை. கடற்கரையில் நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் எடுத்துச் செல்லவேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் கோட்டையின் மேல்தளத்தை விட்டுவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை, பேச்சு நடப்பது கீழேதான். ஓட்டுநர் நிதானமானவர், கும்பகோணத்து நெரிசலில் கூட ஒருமுறையும் பதற்றப்படவில்லை.

அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிர்க்கவும். ஜூலை 9ஐ ஒட்டிய நாள்களில் கரையிறங்கிய நினைவு விழாவுக்காகப் பல ஊர்களிலிருந்தும் கூட்டம் வரும்; விழா வேண்டுமானால் அப்போது போகலாம், அமைதி வேண்டுமானால் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரை நிகழ்ச்சியை ரத்து செய்துவிடுகிறார்கள். தை, மாசி மாதங்களே உகந்தவை.

வாலிபர் ஐக்கியத்துக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் இந்தப் பயணத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். சமீபத்தில் இழப்பைச் சந்தித்தவர்களோ, சரியானதைச் செய்து அடிபட்டு நிற்பவர்களோ குழுவில் இருந்தால், அவர்களை அழைத்துச் செல்கிற ஆயர் சாட்சி நேரத்தைத் தாமே நடத்துவது நல்லது. குழுவாகப் பதிவு செய்கிறவர்கள் கேட்டால் நேர அட்டவணையை மாற்றித் தருகிறார்கள். மதிய உணவை அரை மணி நேரம் முன்னதாக வைத்துக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தைப் புதிய எருசலேம் ஆலயத்துக்கு ஒதுக்கும்படி பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எபிரெயர் 11ஐ வாசிக்க வேதாகமத்தை நீங்களே எடுத்துச் செல்லவேண்டியிருக்கும்.